வளையும் வளார்

நுழையும்முன்

விதைத்தவரே அறுவடை செய்வது உழவின் இயல்பு. அறுவடை செய்த பொருளைத் தம் கையாலேயே பயன்படுபொருளாக்கி, அப்பொருள் உழைத்து ஓய்ந்தபின் மண்ணில் மட்கி எருவாவதையும் கண்ணால் காணும் வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் வில்லோ மரத்தை வளர்த்து, அதன் இளங்கொம்புகளால் தோட்டத்திற்கு வேண்டிய பொருள்களை முடையும் கலை அத்தகைய வாய்ப்பைத் தருகிறது. மரம், நீர், கை என்னும் மூன்றும் இணையும் இக்கலையின் வரலாற்றையும் செய்முறையையும் விளக்குகிறது இப்பாடம்.

நீரும் நிலமும்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் சாமர்செட் என்னும் மாவட்டம் அமைந்துள்ளது. அதன் நடுவே, கடல்மட்டத்திலிருந்து சற்றே உயர்ந்த பரந்த தாழ்நிலம் விரிந்து கிடக்கிறது. பாரெட், டோன், புரூ முதலிய ஆறுகள் அந்நிலத்தின் ஊடாகப் பாய்கின்றன. குளிர்காலத்தில் ஆறுகள் பெருகும்போது வயல்களில் வெள்ளம் நெடுநாள் தேங்கி நிற்கும். தானியப் பயிர்கள் பல அந்நிலத்தில் தாக்குப்பிடிப்பதில்லை. வில்லோவோ, வெள்ளத்தில் நின்றாலும் வேர் அழுகாமல் தழைக்கிறது. பிற பயிர்களுக்குக் கேடாகும் நீர் இம்மரத்திற்கு வாழ்வாகிறது. நிலத்தின் குறையை அறிந்த மக்கள், அக்குறைக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்து அதனையே தொழிலாக்கிக்கொண்டனர்.

இம்மண்ணில் முடைதற்கலையின் வேர் மிக ஆழமானது. சதுப்பு நிலத்தைக் கடப்பதற்காகப் புதிய கற்கால மக்கள் அமைத்த மரப்பாதை ஒன்று 1970இல் இங்குக் கண்டறியப்பட்டது. 'ஸ்வீட் டிராக்' எனப்படும் அப்பாதைக்குரிய மரங்கள் கி.மு. 3807-3806ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்பதை, மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் நிறுவினர். அதே தாழ்நிலத்தில் ஹேசல் மரத்தின் கொம்புகளைப் பின்னிச் செய்த படல்களைச் சேற்றின்மேல் பரப்பி அமைத்த பாதைகளும் கிடைத்துள்ளன. 1892இல் ஆர்தர் புல்லெய்டு கண்டறிந்த கிளாஸ்டன்பரி ஏரிக் குடியிருப்பில் இரும்புக்கால மக்கள், கொம்புகளைப் பின்னி அவற்றின்மேல் களிமண் பூசிச் சுவர் எழுப்பி வாழ்ந்தனர். மட்கலம் உடைந்தால் ஓடு எஞ்சும். கூடை சிதைந்தால் எதுவும் எஞ்சாது. காற்றுப்புகாத சதுப்புச் சேறு காத்துவைத்ததனாலேயே பழங்கால மக்கள் முடைந்தனர் என்பதற்குரிய சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

உரோமானியரும் இம்மரத்தின் பயனை நன்கு உணர்ந்திருந்தனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி நூல் எழுதிய கேட்டோ, ஒரு பண்ணைக்குரிய நிலங்களை வரிசைப்படுத்தியபோது திராட்சைத் தோட்டத்திற்கு முதலிடமும் நீர்ப்பாய்ச்சிய தோட்டத்திற்கு இரண்டாமிடமும் வில்லோத் தோப்பிற்கு மூன்றாமிடமும் அளித்தார். ஒலிவத் தோட்டமும் தானிய வயலும் அதற்குப் பின்னரே இடம்பெற்றன. கொடியைக் கட்டவும் கனியைச் சுமக்கவும் வளார் இல்லாமல் அக்காலப் பண்ணை இயங்கவில்லை என்பதற்கு இவ்வரிசையே சான்றாகும்.

மரத்தை அறிதல்

வில்லோ என்பது தனியொரு மரத்தின் பெயரன்று. 'சாலிக்ஸ்' என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஏறத்தாழ நானூறு சிற்றினங்களுக்குரிய பொதுப்பெயர் அது. கிரிக்கெட் மட்டை செய்யப் பயன்படும் மரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மட்டைக்கு முதிர்ந்த தண்டு வேண்டும். கூடைக்கோ ஓராண்டே வளர்ந்த இளங்கொம்பு வேண்டும். நீண்டு, மெலிந்து, கிளைக்காமல், ஒடியாமல் வளையும் அவ்விளங்கொம்பே வளார்.

முடைவதற்குரிய வகைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. 'சாலிக்ஸ் விமினாலிஸ்' விரைந்து ஓங்கி வளர்வது. தடித்த நீண்ட வளார்களைத் தருவதால் படல்களுக்கும் பெரிய அமைப்புகளுக்கும் ஏற்றது. 'சாலிக்ஸ் ட்ரையாண்ட்ரா' கூடை முடைவோர் பெரிதும் விரும்புவது. சாமர்செட்டில் புகழ்பெற்ற 'பிளாக் மால்' இதன் ஒரு வகையே. 'சாலிக்ஸ் பர்ப்யூரியா' மெல்லியது. நுண்ணிய வேலைப்பாடுகளுக்கு உரியது. ஒவ்வொரு வகையின் பட்டைக்கும் தனி நிறமுண்டு. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கருஞ்சிவப்பு எனக் குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நிற்கும் வளார்கள் வெறுந்தோட்டத்தையும் வண்ணமயமாக்குகின்றன.

தெரியுமா?

வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதைத் தம் பட்டறிவால் கண்ட எட்வர்டு ஸ்டோன் என்னும் இங்கிலாந்துச் சமயகுரு, 1763இல் அதனை இராயல் சொசைட்டிக்கு எழுதித் தெரிவித்தார். 1828இல் ஜெர்மானிய அறிஞர் யோகான் புக்னர் அப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். சாலிக்ஸ் என்னும் பெயரை ஒட்டி அதற்குச் 'சாலிசின்' எனப் பெயரிடப்பட்டது. அதனோடு தொடர்புடைய சாலிசிலிக் அமிலத்தை அடிப்படையாகக்கொண்டு 1897இல் பேயர் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட மருந்தே ஆஸ்பிரின்.

போத்து நடுதல்

வில்லோவை வளர்ப்பதற்கு விதை வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் முருங்கையையும் பூவரசையும் போத்து நட்டு வளர்ப்பதுபோலவே இதனையும் வளர்க்கலாம். இலையுதிர்ந்து மரம் உறங்கும் குளிர்காலத்தின் பிற்பகுதியில், ஓராண்டு வளாரிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள துண்டுகளை நறுக்குவர். அவற்றை மொட்டுகள் மேல்நோக்கி இருக்குமாறு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் புதையும்படி ஊன்றுவர். இளவேனில் வந்ததும் மண்ணுக்குள் இருக்கும் பகுதி வேர்விடும். வெளியில் இருக்கும் பகுதி துளிர்க்கும்.

போத்துகளை நெருக்கமாக நடுவதற்கு ஒரு காரணமுண்டு. இடம் மிகுதியாக இருந்தால் கொம்பு பக்கவாட்டில் கிளைக்கும். கிளைத்த கொம்பு முடைவதற்கு உதவாது. நெருக்கி நட்டால் ஒவ்வொரு கொம்பும் ஒளியைத் தேடிப் போட்டியிட்டு நேராக மேலெழும். தோட்ட மரத்திற்கு இடைவெளி அழகு என்றால், வளாருக்கு நெருக்கமே அழகு.

முதல் ஈராண்டுகள் களையே பெரும்பகை. புல் ஓங்கினால் இளம்போத்து நீரின்றி வாடும். ஆகவே மரப்பட்டைத் துண்டுகளையோ தடித்த விரிப்பையோ மண்ணின்மேல் பரப்பிக் களையைத் தடுப்பர். இலைகளில் மஞ்சள் பொட்டுகளாகத் தோன்றும் துருநோய் இப்பயிரைத் தாக்குவதுண்டு. ஒரே வகையை மட்டும் நடாமல் பல வகைகளைக் கலந்து நட்டால் நோய் பரவும் வேகம் குறையும். வேர் நீரைத் தேடி நெடுந்தொலைவு ஓடும் இயல்புடையது. எனவே வீட்டின் கடைக்காலுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் அருகில் இம்மரத்தை நடுதல் கூடாது.

முதலாண்டு முடிவில் கிடைப்பவை மெலிந்த சில கொம்புகளே. அவற்றை வெட்ட மனம் வராமல் விட்டுவிடுவது புதியவர் செய்யும் பிழை. அவற்றையும் தரையோடு ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து அடுத்த ஆண்டு பல கொம்புகள் கிளர்ந்தெழும். ஆண்டுதோறும் வெட்ட வெட்ட அடிக்கட்டை பருத்து வலுப்பெறும். மூன்றாம் ஆண்டளவில் விளைச்சல் நிறைவுபெறும். நன்கு பேணினால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்தரும். விட்டுவைத்தால் வில்லோ மரமாகும். வெட்டிக்கொண்டிருந்தால் மட்டுமே வளார் கிடைக்கும்.

அறுவடையும் பதமும்

இலைகள் முழுதும் உதிர்ந்தபின் தொடங்கி, மொட்டு விரியும் முன்பு அறுவடையை முடித்துவிட வேண்டும். அறுத்த வளார்களை நீளவாரியாகப் பிரிப்பது அடுத்த பணி. வளார்க்கட்டை ஒரு பீப்பாயில் நிறுத்தி, மேலே நீண்டு தெரிபவற்றை முதலில் உருவி எடுப்பர். பின்னர் அதற்கடுத்த நீளமுள்ளவற்றை எடுப்பர். அளவுகோல் இல்லாமலேயே வளார்கள் இவ்வாறு வகைப்படுகின்றன. தடிமன் ஒத்த வளார்கள் ஒன்றுசேர்ந்தால்தான் பின்னல் சீராக அமையும்.

வளார் நான்கு நிலைகளில் பயன்படுகிறது. அப்போதே அறுத்தது பச்சை வளார். பட்டையோடு உலர்த்தியது பழுப்பு வளார். அறுத்த வளாரை ஆழமற்ற நீரில் நிறுத்தி, இளவேனிலில் உயிர்ச்சாறு ஏறி மொட்டு விரியும்போது பட்டையை உரித்தால் கிடைப்பது வெள்ளை வளார். பட்டையோடு பல மணிநேரம் நீரில் வேகவைத்துப் பின்னர் உரித்தால், பட்டையிலுள்ள துவர்ப்புப்பொருளின் சாயம் ஏறிச் செம்பழுப்பு வளார் கிடைக்கும்.

பச்சை வளாரை ஊறவைக்க வேண்டியதில்லை. ஆனால் அது உலரும்போது சுருங்கும். இறுக முடைந்த கூடையும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். உலர்த்திய வளார் ஏற்கெனவே சுருங்கி முடிந்தது; எனவே அதனால் முடைந்த பொருள் தளராது. உலர்ந்த நிலையில் வளைத்தால் அது ஒடியும் என்பதால் முன்னதாக நீரில் ஊறவைக்க வேண்டும். பட்டையுள்ள வளாருக்கு ஓர் அடி நீளத்திற்கு ஒருநாள் என்பது பொதுவான கணக்கு. ஐந்தடி வளார் ஏறத்தாழ ஐந்து நாள்கள் ஊறவேண்டும். உரித்த வளாருக்கு ஓரிரு மணிநேரம் போதும். ஊறியதும் ஈரத்துணியில் பொதிந்து ஓரிரவு வைத்தால், ஈரம் உள்வரை சீராகப் பரவிப் பதம் கூடும். மிகுதியாக ஊறினால் பட்டை வழுக்கிக் கழன்றுவிடும்; குறைவாக ஊறினால் வளையும்போது வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தைக் கடிகாரம் காட்டாது, விரலே உணர்த்தும்.

ஒற்றையும் இரட்டையும்

எந்தப் பின்னலிலும் இருவகை வளார்கள் உள்ளன. அசையாமல் நிற்பது நிலைவளார். அதன் ஊடே முன்னும் பின்னுமாகச் செல்வது ஊடுவளார். துணி நெசவில் பாவும் ஊடையும் செய்யும் பணியையே இவை செய்கின்றன. நெசவில் பாவு நூலும் வளைந்துகொடுக்கும். இங்கு நிலைவளார் வளையாமல் நிற்க, ஊடுவளார் மட்டுமே வளைந்து செல்கிறது.

ஒரே ஊடுவளாரை ஒரு நிலைவளாருக்கு முன்னும் அடுத்ததற்குப் பின்னுமாகச் செலுத்துவது எளிய பின்னல். வட்டமான அமைப்பில் இதனைச் செய்யும்போது ஒரு கணக்கு குறுக்கிடுகிறது. எட்டு நிலைவளார்கள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவதற்கு முன்னே தொடங்கும் ஊடுவளார், எட்டாவதற்குப் பின்னே சென்று ஒரு சுற்றை முடிக்கும். மறுபடியும் முதலாவதற்கு முன்னேதான் அது வந்து நிற்கும். எத்தனை சுற்று சுற்றினாலும் அதே வளார் முன்னேயும் அதே வளார் பின்னேயும் அமையும், பின்னல் பிடிகொள்ளாது. நிலைவளார்கள் ஒன்பதாக இருந்தால், ஒன்பதாவதற்கு முன்னே செல்லும் ஊடுவளார் அடுத்த சுற்றில் முதலாவதற்குப் பின்னே சென்றுவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்கு மாறாக அமைந்து பின்னல் இறுகும். ஆகவே ஒற்றை ஊடுவளாருக்கு ஒற்றைப்படை எண்ணிக்கையே பொருந்தும்.

இரட்டைப்படையில் நிலைவளார்கள் அமைந்தால் இரண்டு ஊடுவளார்களை எடுத்துக்கொள்வர். ஒன்று முன்னே செல்லும்போது மற்றொன்று பின்னே செல்லும். ஒவ்வொரு நிலைவளாரையும் கடந்தபின் இரண்டும் தம்முள் இடம்மாறித் திருகிக்கொள்ளும். இவ்விணைப்பின்னல் எந்த எண்ணிக்கைக்கும் பொருந்தும். எளிய பின்னலைவிட உறுதியானது. எழுதப் படிக்க அறியாத முடைஞரும் ஒற்றை, இரட்டையின் இயல்பைக் கைவழியே கற்றிருந்தனர்.

கொழுகொம்புக் கூம்பு

தோட்டத்தில் கற்பவர் முதலில் முடைவதற்கேற்றது, அவரையும் பட்டாணியும் படர்வதற்குரிய கொழுகொம்புக் கூம்பு. அதன் செய்முறை வருமாறு.

முதலில், தரையில் ஏறத்தாழ 40 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, அதன்மேல் சம இடைவெளியில் பத்துக் குழிகள் இடவேண்டும். இரண்டு மீட்டருக்குக் குறையாத, தடித்த பத்து வளார்களின் அடிப்பகுதியைக் குழிகளில் ஆழ ஊன்ற வேண்டும். இவையே நிலைவளார்கள்.

அடுத்து, நீண்ட மெல்லிய வளார் ஒன்றை நடுவில் மடித்து ஒரு நிலைவளாரைச் சுற்றி மாட்டினால், அதன் இரு பகுதிகளும் இரு ஊடுவளார்களாகும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இணைப்பின்னலைத் தொடங்கி நான்கைந்து சுற்றுகள் முடைய வேண்டும். வளார் தீரும்போது நுனி முடிந்த இடத்தில் புதிய வளாரின் நுனியையும், அடி முடிந்த இடத்தில் புதிய வளாரின் அடியையும் சேர்க்க வேண்டும். நுனியோடு அடியைச் சேர்த்தால் அவ்விடம் புடைத்துத் தெரியும்.

பின்னர், நிலைவளார்களின் உச்சிகளை ஒன்றுகூட்டித் தற்காலிகமாகக் கயிற்றால் கட்ட வேண்டும். நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் இதேபோன்ற பின்னல் வளையங்களை அமைக்க வேண்டும். மேலே செல்லச் செல்ல வளையம் குறுகும். கூம்பு தானே உருப்பெறும். இறுதியாக, உச்சியை மெல்லிய வளாரால் இறுகச் சுற்றி, அதன் நுனியைச் சுற்றுகளுக்குள் செருகி, கயிற்றை அவிழ்த்துவிடலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைக் கத்தரியால் சாய்வாக நறுக்கினால் பணி முடிந்தது.

வேண்டிய கருவிகள் மிகச் சில. வெட்டுவதற்கு ஒரு கத்தரி, இடைவெளியை விரிக்க ஒரு குத்தூசி, பின்னலைத் தட்டி இறுக்க ஓர் இரும்புப்பட்டை, நுனியைச் சீவ ஒரு கத்தி ஆகியவையே அவை. இவற்றினும் மேலான கருவி கட்டைவிரல். நிலைவளாரின்மேல் கட்டைவிரலை ஊன்றி, ஊடுவளாரை அதனைச் சுற்றி மெல்ல வளைத்தால் மடிப்பு விழாது. வெடுக்கென இழுத்தால் ஒடியும்.

பிழை கற்பிக்கும் பாடம்

முதற்கூம்பு பெரும்பாலும் ஒருபுறம் சாய்ந்தே நிற்கும். வலக்கைப் பழக்கமுடையவர் ஒருபுறத்தை மிகுதியாக இழுப்பதனால் நேரும் சாய்வு இது. சில சுற்றுகளுக்கு ஒருமுறை எட்டி நின்று பார்ப்பவர் அதனைத் தொடக்கத்திலேயே திருத்திக்கொள்வர். பார்க்காமல் முடைந்துகொண்டே செல்பவர், இறுதியில் முழுவதையும் அவிழ்க்க நேரும்.

மற்றொரு பிழை வியப்பூட்டுவது. அப்போதே அறுத்த பச்சை வளாரை நிலைவளாராக ஊன்றினால், சில வாரங்களில் அது வேர்விட்டுத் துளிர்க்கத் தொடங்கும். அவரைக்குத் துணையாக நட்ட கொம்பே அவரைக்குரிய நீரை உறிஞ்சும் பகையாகிவிடும். இதனைத் தவிர்க்க நன்கு உலர்ந்து உயிரடங்கிய வளாரையே ஊன்ற வேண்டும். இதே இயல்பை வேண்டுமென்றே பயன்படுத்துவோரும் உளர். பச்சை வளார்களை வரிசையாக ஊன்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால், அவை வேர்விட்டுத் தழைத்து உயிர்வேலியாக நிற்கும். ஓரிடத்தில் பிழையாவது மற்றோரிடத்தில் உத்தியாகிறது.

மண்ணைத் தொட்டுநிற்கும் வில்லோப் பொருள்கள் சில ஆண்டுகளே உழைக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஆயுள் சற்றே கூடும். பின்னர் அவை மட்கி எருவாகும். அதற்குள் தோட்டத்து மூலையில் புதிய வளார் வளர்ந்து நிற்கும். நெகிழிக் கொழுகொம்பு நெடுநாள் உழைக்கலாம். உடைந்தபின்னரும் அது நெடுங்காலம் மண்ணைவிட்டு அகலாது.

கை மறந்தால்

ஒருகாலத்தில் மீன், பழம், துணி, கடிதம் எனப் பெயர்த்துச் செல்லும் பொருள்கள் பலவற்றுக்கும் கூடை வேண்டியிருந்தது. இலண்டனில் கூடை முடைவோருக்கெனத் தனிச் சங்கம் 1569இலேயே தோன்றிவிட்டது. முதல் உலகப்போரில் பீரங்கிக் குண்டுகளைச் சுமக்கவும், இரண்டாம் உலகப்போரில் வானிலிருந்து குதிகுடை வழியே பொருள்களை இறக்கவும் முடைந்த கூடைகளே பயன்பட்டன. விழும்போது உடையாமல் நெளிந்து அதிர்ச்சியைத் தாங்கும் இயல்பே அதற்குக் காரணம். வெப்பக்காற்றுப் பலூன்களில் இன்றும் முடைந்த கூடைகள் தொங்குவதற்கும் அதுவே காரணம்.

போருக்குப்பின் அட்டைப்பெட்டியும் நெகிழியும் மலிந்தன. வளார் வயல்கள் சுருங்கின. முடைஞர்கள் வேறு தொழில்களை நாடினர். மக்களின் ஆர்வத்தால் இக்கலையை மீட்கும் முயற்சியும் எழுந்தது. 1975இல் பிரித்தானியாவில் கூடை முடைவோர் கழகம் தொடங்கப்பட்டது. 2017இல் அந்நாட்டின் மரபுக் கைத்தொழில் அமைப்பு வெளியிட்ட சிவப்புப் பட்டியலில், அழியும் நிலையிலுள்ள தொழில்களுள் கூடை வகைகள் சிலவும் இடம்பெற்றன. அருகிவரும் உயிரினங்களைப் பட்டியலிடுவதுபோல அருகிவரும் கைத்திறன்களையும் பட்டியலிட வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரு கைத்தொழில் மறைந்தால் என்ன இழப்பு என வினவலாம். கூடை இல்லாவிட்டால் பை இருக்கிறது. ஆனால் வளாரின் பதத்தை அறியும் விரலறிவைப் பை காத்துவைக்காது. எந்த வகையை எந்த மண்ணில் நடுவது, எத்தனை நாள் ஊறவைப்பது, எவ்வளவு இழுத்தால் ஒடியும் என்பனவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கைகளே சுமந்து வந்துள்ளன. நூல் வழியைக் காட்டும். பழக்கமே திறனைத் தரும். ஒரு தலைமுறை கற்காமல் விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிருக்காது. வீட்டுத் தோட்டத்தில் பத்துப் போத்து நட்டு ஒரு சாய்ந்த கூம்பை முடைபவரும் அந்நெடுஞ்சங்கிலியில் ஒரு கண்ணியாகிறார்.

தெரியுமா?

சாமர்செட்டில் நெடுஞ்சாலையோரத்தில் 12 மீட்டர் உயரமுள்ள ஓடும் மனித உருவம் ஒன்றை வில்லோ வளார்களால் செரீனா டி லா ஹே என்னும் சிற்பி 2000ஆம் ஆண்டில் அமைத்தார். 'வில்லோ மனிதன்' எனப்பட்ட அவ்வுருவம் 2001இல் தீக்கிரையானது. எஞ்சிய இரும்புச் சட்டத்தின்மேல் மீண்டும் வளார்களைப் பின்னி அச்சிற்பி அதனைப் புதுப்பித்தார்.

நம் மண்ணில்

வில்லோ இனம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஆற்றோரங்களில் வளரும் ஆற்றுப்பாலை, 'சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா' எனப்படும் இந்திய வில்லோவே. எனினும் தமிழ்நாட்டில் முடைவதற்கு மூங்கிலும் பனையோலையும் ஈச்சையும் கோரையும் பிரம்பும் மிகுதியாகக் கிடைத்தமையால், நம் முன்னோர் அவற்றையே வளைத்தனர். பொருள் வேறு, முன்னும் பின்னுமாகச் செல்லும் முறை ஒன்றே. இதற்குத் தமிழில் தனிச்சொற்கள் உண்டு. நூலால் நெய்வது நெய்தல். ஓலையாலும் கொம்பாலும் செய்வது முடைதல். கூடை, முறம், வட்டி, பெட்டி, தட்டி, படல் என முடைந்த பொருள்களின் பெயர்கள் நீள்கின்றன. பொருள் வழக்கொழிந்தால் சொல்லும் வழக்கொழியும். பட்டியை அடைக்கும் படலைக் காணாத தலைமுறைக்குப் படல் என்னும் சொல் அகராதியில் மட்டுமே எஞ்சும்.

தெருவில் கூடை விற்பவரிடம் விலையைக் குறைத்துக் கேட்பது நமக்கு இயல்பாகிவிட்டது. வளாரை நட்டு, வெட்டி, ஊறவைத்து, விரல் சிவக்க ஒருமுறையேனும் முடைந்து பார்த்தவர், கூடையின் விலையில் எத்தனை நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை அறிவார். அழகிய கூடையைச் செய்யக் கற்பதோடு, அதனைச் செய்யும் கைகளை மதிக்கவும் கற்பதே இக்கலை தரும் பெரும்பயன்.

சொல்லும் பொருளும்

வளார் – நீண்டு வளையும் இளங்கொம்பு
போத்து – நட்டு வளர்ப்பதற்காக நறுக்கிய கொம்புத்துண்டு
படல் – கொம்புகளாலோ ஓலைகளாலோ பின்னிய அடைப்பு
கொழுகொம்பு – கொடி பற்றிப் படரும் கொம்பு
பட்டி – ஆடுமாடு அடைக்கும் இடம்

இலக்கணக் குறிப்பு

நீரும் நிலமும் – எண்ணும்மை
முடைதல், நடுதல் – தொழிற்பெயர்கள்
இளங்கொம்பு – பண்புத்தொகை
ஒடியாமல் – எதிர்மறை வினையெச்சம்
வெட்ட வெட்ட – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

வளைத்தனர் – வளை + த் + த் + அன் + அர்
வளை – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

முடைந்தனர் – முடை + த்(ந்) + த் + அன் + அர்
முடை – பகுதி. த் – சந்தி. ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கூடை, பாய், முறம் முடைவோரைச் சந்தித்து, அவர்கள் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.
2. எட்டுக் குச்சிகளையும் ஒன்பது குச்சிகளையும் வட்டமாக நிறுத்தி, ஒரே நாரால் தனித்தனியே பின்னிப் பார்த்து, வேறுபாட்டை விளக்குக.

குறுவினா

1. வில்லோப் போத்துகளை நெருக்கமாக நடுவது ஏன்?
2. பச்சை வளாரை நிலைவளாராக ஊன்றுவதால் நேரும் இடர் யாது?

சிறுவினா

1. வளாரைப் பதப்படுத்தும் நான்கு நிலைகளை விளக்குக.
2. ஒற்றை ஊடுவளாருக்கு ஒற்றைப்படை எண்ணிக்கையே பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டுடன் நிறுவுக.

நெடுவினா

'நூல் வழியைக் காட்டும். பழக்கமே திறனைத் தரும்' – முடைதற்கலையை முன்வைத்து இக்கூற்றை விரித்துரைக்க.